அப்பா நனைய வேண்டிய சனிக்கிழமை

பிரைஸ், யூட்டா
ஞாயிறு, ஜூலை 12, 1987

என் செல்ல மகன் மெரிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை லோரீனும் கர்த்தர் வைத்தபடி இருக்கிறோம், அங்கே ஊழியத்துக்குப் போன நீயும் உன் கூட்டாளிப் பையனும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல மனிதர்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வியாழனன்று கிடைத்தது. அப்பாதான் தபால்பெட்டி வரை நடந்து போய் எடுத்தார், வீட்டுக்குள் வரும் வரைகூடப் பொறுக்கவில்லை, வாசலிலேயே பிரித்து நின்றுகொண்டே படித்துவிட்டார். சிலியில் இப்போது குளிர்காலம் என்பது எனக்கு இன்னும் மண்டையில் ஏறவில்லை. இங்கே வெயிலில் தக்காளிச் செடி வாடுகிறது, நீ அங்கே ஷூவுக்குள் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு மழையில் நடக்கிறாயாம். அட்டை எத்தனை நாளைக்குத் தாங்கும், நல்ல ஷூ வாங்கிக்கொள், கஞ்சத்தனம் பண்ணாதே. அன்னையர் தினத்தன்று போனில் உன் குரலைக் கேட்டது, இனி கிறிஸ்துமஸுக்குத்தான் பேச விடுவார்கள். வருஷத்துக்கு இரண்டே தடவை என்று விதி வைத்தவருக்கு அம்மா இருந்திருக்க மாட்டாள் என்று நான் சொன்னால் லோரீன் என்னைக் கோபிக்கிறாள். போன் பக்கம் போகும்போதெல்லாம் அதைத் துடைத்து வைக்கிறேன், தானாக மனம் மாறி ஒருநாள் அடித்தாலும் அடிக்கும்.

நம் தெருவில் எல்லோர் தோட்டத்திலும் சுகினிச் சுரைக்காய் காய்த்துத் தள்ளுகிறது. போன ஞாயிறு காரைப் பூட்டாமல் சபைக்குள் போய்விட்டேன், திரும்பி வந்தால் பின் சீட்டில் ஒரு கூடை சுகினி கிடக்கிறது, இது யாருடைய தர்மம் என்று இன்னும் தெரியவில்லை. லோரீன் ஐஸ்க்ரீம் கடையில் வேலைக்குப் போகிறாள், வீட்டுக்கு வந்தால் ஐஸ்க்ரீம் என்ற சொல்லே ஆகாது என்கிறாள். நம் ஊரில் ஊழியம் செய்யும் இரண்டு பையன்களுக்கும் வியாழக்கிழமை தோறும் நம் வீட்டில்தான் சாப்பாடு. ஒருவன் டோங்கா தீவிலிருந்து வந்த ஃபோனுவா, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். கூட வருகிறவன் செம்பட்டைத் தலை, பேசவே மாட்டான். நான் அவர்கள் தட்டில் இன்னொரு கரண்டி வைக்கும்போதெல்லாம் அங்கே எவளோ ஒரு புண்ணியவதி என் பிள்ளை தட்டிலும் வைக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன். அப்பா வழக்கம்போல அவர்களைச் சீண்டுவார். "பத்தொன்பது வயசுல எல்டராம், மூத்தவராம்! மீசையே முளைக்கல, அதுக்குள்ள மூத்தவரா?" என்பார். ஃபோனுவா சளைத்தவன் இல்லை, "ஐயா, எங்க தீவுல இந்த வயசுக்கு நான் கிழவன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு இறைச்சித் துண்டை எடுத்துக்கொள்வான்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி கண்ணு. அப்பாவைப் பற்றியது. நீ விமானம் ஏறின அன்றைக்கு வாசலில் வைத்து அவரிடம் கேட்டாயே, "அப்பா, நீங்க எப்பதான் ஞானஸ்நானம் எடுக்கப்போறீங்க" என்று, அதற்கு அவர் "நீ முதல்ல ஊர்க்காரனை மாத்து, முடிச்சிட்டு வா, அப்புறம் வீட்டுக்காரனைப் பாக்கலாம்" என்று சிரித்தாரே, அது எங்களுக்கெல்லாம் வேடிக்கையாகப் போய்விட்டது. அவருக்கு அது வேடிக்கை இல்லையாம், இப்போதுதான் தெரிகிறது. பனி உருகத் தொடங்கின சமயத்தில் ஒருநாள் காலை காபிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எனக்கு வெந்நீர் போதும் என்றார். ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு அவர் அப்பா காலத்துத் திராட்சை ரசப் பீப்பாயை முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு போய் இரண்டாக அறுத்துப் பூச்செடி வைத்தார். காபியும் ரசமும் நம் சபை விலக்கினவை, எனக்குப் புரிந்துவிட்டது. திருமணம் ஆன நாளிலிருந்து ஞாயிறு தோறும் அவர் பக்கத்தில் இல்லாமல் சபையில் தனியாகப் போய் உட்கார்ந்தவள் நான், கேட்டால் எங்கே கலைந்துவிடுமோ என்று பயம். ஃபோனுவாவின் சைக்கிள் செயினை மாட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவராகச் சொன்னார். "இந்த மாதிரிப் பயலுக எத்தனை பேர் வந்து நம்ம கதவைத் தட்டிருக்கானுங்க, எத்தனை பேரை மூஞ்சில அடிக்கிற மாதிரி சாத்திருக்கேன். இப்ப அங்க நம்ம பையன் மூஞ்சில சாத்துறவனும் என்னை மாதிரி ஒருத்தன்தானே வெல்டா" என்றார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, நான் எடுத்துக்கிறேன் என்று பிஷப்பிடம் சொல்லிவிடு என்றார். அது விசுவாசமா, உன் மேல் உள்ள ஏக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கர்த்தருக்குத் தெரிந்தால் போதும்.

நான் செய்த கூத்தைக் கேள். அவர் சொன்ன வேகத்தில் பிஷப் ஸ்டாக்கருக்குப் போன் பண்ணிவிட்டேன். பிஷப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. போன மாதக் கடைசிச் சனிக்கிழமை சபையில் ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பி, அப்பா அளவுக்கு வெள்ளைச் சட்டையும் பேன்ட்டும் தேடிப் பிடித்து, பெண்கள் எல்லோரும் உருளைக்கிழங்குப் பதார்த்தமும் கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லியும் கொண்டுவந்து அடுக்கி, குழந்தைகள் பாட்டுக்கூட ஒத்திகை பார்த்துவிட்டார்கள். அப்பாவிடம் யாரும் நாள் கேட்கவில்லை, நான் உட்பட. எடுத்துக்கிறேன் என்றால் இன்றைக்கே என்றுதானே நம் ஆட்கள் காதில் விழும். அவர் அசந்துபோகட்டும் என்று, பாட்டு நிகழ்ச்சி எனச் சொல்லிக் கூட்டிப்போனேன். உள்ளே வந்து தண்ணீரைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், ஜெல்லியைப் பார்த்தார். "மெரில் வந்திருக்கானா?" என்று கேட்டார். இல்லையே என்றார் பிஷப். "அப்ப எதுக்குத் தண்ணி? தெரியாத ஊர்ல யார் யாரையோ முக்குறான், பெத்த அப்பனை முக்க அவன் வரட்டும். வந்தப்புறம்னு சொல்லிட்டேன், சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு பிஷப்பிடம் கை குலுக்கி, உருளைக்கிழங்கு மட்டும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டார். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அது இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன், அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அத்தோடு இருந்தால் நானும் உன் வருகைக்குக் காத்திருப்பேன். ஆனால் அப்பாவின் நெஞ்சு சரியில்லை. சுரங்கத்தில் இத்தனை காலம் விழுங்கின கரி இப்போது கணக்குக் கேட்கிறது. மாடிப்படியில் பாதியில் நின்று, படம் பார்ப்பது போலச் சுவரைப் பார்ப்பார், மூச்சு வாங்குவதை நான் பார்க்கக் கூடாதாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பனிக்காலம் வந்தால் ஆக்சிஜன் குழாய் மாட்ட வேண்டியிருக்கும், அடுத்த வருஷத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். தண்ணீருக்குள் முழுக முடியுமா என்று நான் கேட்டேன், அவர் நம் சபைக்காரர் இல்லை, எதற்குக் கேட்கிறாள் இவள் என்று பார்த்தார். இப்போதானால் ஒரு கணம் மூச்சடக்குவார், குழாய் மாட்டின பிறகு தலையைத் தண்ணீருக்குள் கொண்டுபோகவே கூடாது என்றார். நீ வருவது அடுத்த வருஷம் செப்டம்பரில். உன்னைப் பாதியில் வரவழைக்கலாமா என்றுகூட ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், அப்பா மேஜையில் அடித்தார். "பாதி ஷிப்டுல சுரங்கத்தை விட்டு நான் ஒருநாள் மேல ஏறி வந்ததில்ல. அவன் வந்தான்னா என் பையனே இல்ல" என்றார்.

பிஷப் நல்ல மனிதர், ஆறுதல் சொல்ல வந்தார். "கவலைப்படாதீங்க சகோதரி, ஏதாவது ஆயிட்டாலும், அவர் பேர்ல மெரிலே ஆலயத்துல முழுகிக்கலாம்" என்றார். அது நம் விசுவாசம்தான், எத்தனையோ செத்தவர்கள் பேரில் நானே முழுகியிருக்கிறேன். ஆனாலும் எனக்குக் கோபம் பொங்கிவிட்டது மெரில். என் புருஷன் எனக்கு வெறும் பேராக வேண்டாம். ஆளாக நனைய வேண்டும், தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று பிஷப்பைத் திட்ட வேண்டும், ஈரத் தலையோடு என் பக்கத்தில் உட்கார வேண்டும். நகர மண்டபத்தில் எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர் சாவு பிரிக்கும் வரை என்றுதான் படித்தார், மற்றப் பெண்கள் ஆலயத்தில் என்றென்றைக்கும் என்று கேட்டதை நான் கேட்டதில்லை. முழுகி ஒரு வருஷம் ஆனால்தான் ஆலயத்துக்குள் விடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஒரு வருஷம் இன்றைக்கே தொடங்கினாலும் எட்டுமோ எட்டாதோ, நீ வந்து தொடங்கினால் எட்டவே எட்டாது. நாம் நாலு பேரும் ஆலயத்தின் அந்த வெள்ளை அறையில் சேர்ந்து நிற்க வேண்டும் என்று நீ சின்ன வயசிலிருந்து ஜெபத்தில் சொல்வாய், எனக்கும் அதே ஆசைதான் ராசா.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அப்பாவுக்கு நீ எழுது. என் பேரை இழுக்காதே, டாக்டர் சொன்னதையும் எழுதாதே, அவருக்கே அது உள்ளுக்குள் தெரியும், தெரியாத மாதிரி இருப்பதுதான் அவருக்குப் பெருமை. எனக்காகக் காத்திருக்க வேண்டாம் அப்பா, ஃபோனுவா கையால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுது. அவர் உனக்குக் கொடுத்த சொல்லை நீ ஒருத்தன்தான் திருப்பிக் கொடுக்க முடியும், நான் தலைகீழாக நின்றாலும் கேட்க மாட்டார், பிஷப் சொன்னாலும் கேட்க மாட்டார். உன் கையால் அவரை நனைக்கத்தான் நீ இத்தனை நாள் ஆசைப்பட்டாய், அதைத்தான் விட்டுக்கொடு என்கிறேன். என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். படித்துவிட்டு அழுகை வந்தால் அழு, கூட்டாளிப் பையன் பார்த்தால் பார்க்கட்டும், அவனுக்கும் அப்பா இருப்பார். உன் மேல் கோபம் இல்லை, கர்த்தர் மேலும் இல்லை, இந்தத் தூரத்தின் மேல்தான் கோபம். உன் அறைக் கட்டிலில் மத்தியானம் கொஞ்ச நேரம் போய்ப் படுத்துக்கொள்கிறேன், லோரீனிடம் சொல்லிவிடாதே.

சாக்ஸை அடுப்புப் பக்கம் காயவை, எரிய விடாதே. நாய்களைக் கண்டால் ஓடாதே, நின்று பேசு. வேதம் படிப்பதுபோல அம்மா கடிதத்தையும் இரண்டு தரம் படி. போகும் வாசலெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னால் போய்த் திறந்து வைக்கட்டும், திறக்காத வாசலில் கசப்பில்லாமல் திரும்பி வர மனசு தரட்டும். லோரீன் முத்தம் கொடுக்கச் சொன்னாள். அப்பா நான் உனக்கு எழுதுவதைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றை மட்டும் மறக்காதே. அவருக்கு எழுதும்போது நாளையும் குறித்து அனுப்பு. எந்தச் சனிக்கிழமை என்று நீயே சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் மறு பேச்சுப் பேசாமல் இறங்குவார். பனி விழுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துச் சொல் கண்ணு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா வெல்டா