கண்மாய்க்கரைக் கல்லாத்தா

9.5.2008
ஜேசிபி வந்து அம்மாவின் இட்லிக் கடையை இரண்டே தள்ளில் முடித்துவிட்டது. கண்மாயின் எல்லைக்கல்லுக்கு உள்ளே யாரும் கட்டக் கூடாது, மரம் நடக் கூடாது என்று சட்டமாம். கடை உள்ளேதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மனுக் கொடுத்தது யார்? சுந்தரலிங்கம். அவருடைய தென்னந்தோப்பில் பாதி கண்மாய்க்குள்தானே நிற்கிறது! அதை யாரும் தொடவில்லை.

அம்மா இட்லிக் கொப்பரையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் பைக்கை நிறுத்தி, "கண்மாய் ஊருச் சொத்து மாயக்கா. நாமதான காப்பாத்தணும்?" என்றார்.

சுந்தரலிங்கமாம். சுருட்டலிங்கம்! உன் தென்னையைச் சாய்க்காவிட்டால் என் பேர் வேல்விழி இல்லை. வேறு பேர் தேட எனக்கு நேரமும் இல்லை. ஆகவே சாய்த்தே ஆக வேண்டும்.

10.5.2008
அம்மா சாப்பிடவில்லை. அவள் பங்கையும் சேர்த்துக் கோபத்தில் நானே தின்றேன்.

2.6.2008
அம்மாவும் பதிலுக்கு மனுப் போட்டாள். ஆடி முடிந்ததும் சர்வேயர் வந்து தோப்பை அளப்பாராம். அதற்குள் சுருட்டலிங்கத்தின் ஆட்கள் எல்லைக்கல்லை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். தோப்புக்கு நட்டநடுவே ஒன்றே ஒன்று மிச்சம். அதுவும் போனால் எதை வைத்து அளப்பது?

யோசி, வேலு, யோசி.

3.6.2008
தோப்புக் காவல்காரர் ஒச்சாண்டி மத்தியானச் சோற்றுக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன். கல்லுக்கு மஞ்சள் பூசினேன். சிவப்புத் துணி கட்டினேன், வேப்பிலை செருகினேன். கல்லின் நெற்றியில் சர்வேக்காரர்கள் வெட்டிய அம்புக்குறி இருக்குமே, அதில் குங்குமத்தை அப்பினேன். அம்பு சூலமாகிவிட்டது!

எடு பார்ப்போம் இப்போது.

4.6.2008
எடுக்கவில்லை! கடப்பாரையோடு போன ஒச்சாண்டி அதைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஏலே, ஆத்தா சூலத்தோட முளைச்சிருக்காகடா!" சாயங்காலத்துக்குள் மூன்று பொங்கல் வைத்துவிட்டார்கள். தோப்புக்குள் சுருட்டலிங்கத்தின் முகம் வேப்பங்கொழுந்தைத் தின்றது மாதிரி இருந்தது. கல்லுக்குப் பேர் கல்லாத்தா. நான் வைக்கவில்லை, ஊர் வைத்தது.

அம்மாவும் போய்க் கும்பிட்டாள். சிரிப்பை அடக்கி அடக்கி விலா நோவு.

20.7.2008
அய்யோ. சுருட்டலிங்கம் இன்றைக்கு ஈரவேட்டியோடு கல்லைச் சுற்றி உருண்டார்.

"ஆத்தா கனவுல வந்தாக. மரத்துக்கு நடுவுல மூச்சு முட்டுது, தண்ணியப் பாத்து உக்கார வையின்னு சொன்னாக."

பூக்கட்டிப் பார்த்தார்கள். இரண்டு பொட்டலம்: வெள்ளைப்பூ வந்தால் ஆத்தாளுக்குச் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. பக்கத்து வீட்டு நண்டு திரிஷாவை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை. ஊரே குலவை போட்டது. நான் மட்டும் கீழே கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன்.

அதிலும் வெள்ளை.

எவ்வளவு சேட்டை செய்திருக்கிறேன், இது தோன்றவில்லையே எனக்கு! யாரிடம் சொல்வது? சொன்னால், 'மஞ்சள் பூசியது யாருடி?' என்று கேட்பார்களே.

1.8.2008
ஆடி வெள்ளி. கொட்டு முழக்கத்தோடு கல்லைப் பிடுங்கித் தோப்பைத் தாண்டித் தண்ணீர் ஓரத்தில் நட்டார்கள். திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியதை ஊரைக் கூட்டி, மாலை போட்டுச் செய்துவிட்டார். முன்னால் தீச்சட்டி எடுத்துப் போனது என் அம்மா.

14.8.2008
ஆத்தாளுக்குப் பின்னால், கல்லுக்கு வெளியே, சட்டப்படி ஒரு தகரக் கொட்டகை. தேங்காய், சூடம் விற்க அம்மாவுக்கு. போட்டுக் கொடுத்தது சுருட்டலிங்கம்!

"பழசெல்லாம் மனசுல வச்சுக்காத மாயக்கா."

"அட விடுங்கண்ணே" என்கிறாள் அம்மா. சிரித்துக்கொண்டே. கடை போன நாளிலிருந்து இன்றைக்குத்தான் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது — யார் மேலே?

22.8.2008
சர்வேயர் வந்தார். குங்குமத்தை விரலால் துடைத்து அம்புக்குறியைப் பார்த்தார்.

"இந்தக் கல்லு முன்னாடியிருந்தே இங்கதான் இருக்கா?"

கூட்டம் மொத்தமும் கண்மாயில் நின்ற கொக்கைப் பார்த்தது. எனக்கு உண்மை நாக்கு நுனியில் நின்றது. "சார், நாந்தான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமா சார். ஆத்தா எந்தக் காலத்துலயும் இங்கனதான் இருக்காக."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கெஞ்சலா, மிரட்டலா? கொட்டகையில் இன்றைக்கு வந்த தேங்காய் இன்னும் பிரிக்காமல் கிடந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தோப்பு முழுசும் எல்லைக்கு வெளியே என்று எழுதிக்கொண்டு போனார்.

7.9.2008
தீங்கு செய்தவனைக் கேட்கச் சொல்லி, சாமி முன்னால் காசு வெட்டிப் போடுவார்கள். இன்றைக்கு ஆள் இல்லாத நேரம் ஒரு ரூபாயை உளி வைத்து வெட்டிக் கல்லாத்தா முன்னால் போட்டேன்.

"அந்த ஆள நீதான் கேக்கணும், ஆத்தா."

நான் பூசிய மஞ்சள்தான். நான் வைத்த சூலம்தான். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கும்பிட்ட கையை எடுக்கவும் பயமாக இருந்தது.