எழுத்துப்பிழை என்று நான் சொன்ன சொல்

நேற்றுப் பின்னேரம் மகள் குசினி மேசையில் இருந்து நகத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். "என்னப்பா, அவ்வளவு மணமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ஸ்டென்சில் தாளில் பிழை விட்டால் அதை மூட ஒரு சிவப்புத் திரவம் பூசுவோமே, அதற்கும் இதே மணம். மெல்பேணின் இந்தக் கிளென் வேவர்லி வீட்டில், ஸ்டென்சில் போட்டுக் கையால் சுற்றிப் பிரதி எடுக்கும் ரோணியோ மெஷின் என்றால் என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த மெஷினை என்னோடு சேர்ந்து சுற்றியவர் நீங்கள்.

உங்களை 'நீங்கள்' என்று எழுதுவது எனக்கே புதிதாக இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது, ஒரு படி இறக்கி 'நீர்' என்றுதான் கூப்பிட்டேன். நீங்களோ என்னை எப்போதும் 'நீங்கள்' என்றீர்கள். இருவருக்கும் ஒரே வயது. யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடம், மெல்பேணில் ஒரே வாடகை வீடு. இதில் ஏன் ஒரு 'நீர்', ஒரு 'நீங்கள்' என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவைப்படாத பக்கத்தில் நான் இருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. உங்களுக்குப் பகலில் ரயில்வே பார்சல் கந்தோரில் வேலை, மிச்ச நேரத்தில் பல்கலைக்கழகத்தில் வரலாறு. நான் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் குடியேறப் போன ஆங்கிலேயர் எந்தெந்தக் கடுதாசிகளை நம்பி, ஆட்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள் என்பதுதான் உங்கள் ஆராய்ச்சி. சோறு வடிக்கும்போதும், ஆங்கிலேய அரசனிடம் பிரபுக்கள் எழுதி வாங்கிய மாக்னா கார்ட்டா. உடுப்புத் தோய்க்கும்போதும், கரை இறங்க முன்னமே கப்பலுக்குள் கையெழுத்து வைத்த மேஃபிளவர் உடன்படிக்கை. "உந்த விசர்க் கதைக்கு ஆர் உமக்குப் பட்டம் தரப்போறான்?" என்று பகிடி பண்ணுவேன்.

"இல்லை, கேளுங்கோ," என்பீர்கள். "மாக்னா கார்ட்டாவிலை சுதந்திரமான மனிசன் எண்டு எழுதுவிச்சது பிரபுக்கள். தங்களை நினைச்சுத்தான் எழுதுவிச்சவை. அவையின்ரை வயலிலை கிடந்து மாய்ஞ்சவன் அதுக்குள்ளை இல்லை. நானூறு வருசம் கழிச்சு, கடலுக்கு அங்காலை ஒரு தச்சன் அதை வாசிச்சுப்போட்டு, உது நான்தான் எண்டு சொல்லுறான். அரசனுக்கு மேலை ஒரு கடுதாசி இருக்கு, அது எனக்கும் சொந்தம் எண்டு நம்புறான். எழுதினவன் நினைக்காததை வாசிச்சவன் நினைச்சிட்டான்."

"அப்ப இந்த நாட்டிலை?" என்று கேட்டேன்.

"இஞ்சை ஆதியிலை இருந்த சனத்திட்டை ஒருத்தரும் ஒரு கையெழுத்தும் கேக்கேல்லை," என்று சொல்லிக்கொண்டு பானையை இறக்கி வைத்தீர்கள்.

பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்க யோசித்தபோது என்னைச் செயலாளராக்கி, சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பை எழுதும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது. அதனால் உங்களிடம் தள்ளிவிட்டேன். நீங்கள் இரண்டு கிழமை இருந்து எழுதித் தந்தீர்கள். என் கையெழுத்து வடிவு என்பதால் ஸ்டென்சிலில் எழுதியது நான். முதல் வரி இன்னும் மனப்பாடம்: "இங்கே கையெழுத்திடும் குடிமக்களாகிய நாங்கள், ஒருவருக்கொருவர் சமமாக நின்று, எங்கள் சொந்தச் சம்மதத்தில் இந்தச் சங்கத்தை அமைக்கிறோம்."

'குடிமக்கள்' என்ற இடத்தில் என் கை நின்றது. வேறு யாராவது வாசித்தால் நாட்டுப் பிரஜை என்று விளங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்கு இன்னொரு பொருள் இருந்தது. நல்லது கெட்டதுக்கு வந்து முடி வெட்டவும் துணி வெளுக்கவும் கடமைப்பட்டவர்கள் என்று நாங்கள் எழுதி வைத்தது போல நடத்தியவர்களை, வீட்டுக்குள் விடாமல் முற்றத்தோடு நிறுத்தியவர்களை, 'எங்கடை குடிமக்கள்' என்பார்கள். உங்கள் அப்பா எங்கள் வீட்டு முற்றத்துக்கு அப்படி வந்தவர். என் தலைமுடியை முதன்முதல் வெட்டியவரும் அவர்தான்.

"தெரிஞ்சுதான் எழுதினனீரோ?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான். எங்களைக் கூப்பிட்ட பெயர் அது. ஒருக்கா எல்லாரும் அதுக்குக் கீழை கையெழுத்து வைக்கட்டும். பிறகு அது வேறை சொல்லாப் போயிடும்." தாளை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "கூட்டத்திலை ஆரும் கேட்டால் நான் எழும்பிக் கதைக்க ஏலாது. நீங்கள் கதைப்பியளோ?" என்றீர்கள்.

"அது என்ரை பொறுப்பு," என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபம். எல்லோரும் டொக்டர் என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் தலைமை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை வாசித்தார், நிறுத்தினார், இன்னொருமுறை வாசித்தார். "குடிமக்களாகிய நாங்களோ? எங்களை ஆரப்பா குடிமக்கள் ஆக்கினது?"

மண்டபம் சிரித்தது. "எந்த வீட்டுக்கு எண்டதையும் எழுதியிருக்கலாம்," என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். இன்னும் பெரிய சிரிப்பு. இரண்டு மூன்று பேர் கழுத்தைத் திருப்பி உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"செயலாளர் என்ன சொல்லுறீர்?" என்று டொக்டர் கேட்டார்.

எழும்பினேன். வாய் தானாகத் திறந்தது. "எழுத்துப்பிழை, டொக்டர். அங்கத்தவர் எண்டு வரவேணும். திருத்திப்போடுறன்." சொன்னதோடு விட்டேனா? அவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன். அதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

டொக்டர் அந்தச் சொல்லைப் பேனையால் வெட்டியதும் எல்லோரும் வரிசையாகப் போய்க் கையெழுத்து வைத்தார்கள். நான் இரண்டாவது ஆள். திரும்பிப் பார்த்தபோது நீங்கள் மண்டபத்துக் கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். யாரும் உங்களைக் கையெழுத்துக்குக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ட்ராமில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னீர்கள். "வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம். பிழை எண்டு ஏன் சொன்னனீங்கள்?" அடுத்த நாள் ஸ்டென்சிலில் அந்தச் சொல்லின் மேல் சிவப்பைப் பூசி, காயவிட்டு, 'அங்கத்தவர்' என்று எழுதினேன். நல்ல வடிவான எழுத்து. பழைய சொல்லின் ஒரு சுழி கூடத் தெரியவில்லை.

யார் எழுதியது என்று வெளியே வராமல் உங்களைக் காப்பாற்றினேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என்னை. பிரபுக்கள் சின்னதாக எழுதியதை அந்தக் குடியேறிகள் பெரிதாக வாசித்தார்கள் என்றீர்கள். நீங்கள் பெரிதாக எழுதித் தந்ததை நாங்கள் எங்கள் முற்றத்து அளவுக்குச் சுருக்கி வாசித்தோம். நாங்களும் குடியேற வந்த ஆட்கள்தான்.

சில மாதத்தில் சிட்னிக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை வரும், நானும் போடுவேன். அதில் அந்தக் கதையை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சிட்னியில், நார்த்மீட்டில் உங்கள் செத்தவீடு என்று சொன்னபோது, முழங்கால் நோகிறது, பயணம் ஏலாது என்றேன். நொந்தது முழங்கால் இல்லை.

போன மாதம் சங்கத்தின் இப்போதைய செயலாளர், இங்கேயே பிறந்த பிள்ளை, போன் எடுத்தாள். யாப்பைப் புதுப்பித்து அச்சடிக்கிறார்களாம். "அங்கிள், ஒரிஜினலை ட்ராஃப்ட் பண்ணினது நீங்கள்தானே? முன்பக்கத்திலை உங்கடை பெயர் போடுறம்." ஓம், போடுங்கோ என்றேன். ஆம், இந்த வயதிலும்!

நேற்று அந்த மணத்தோடு அறைக்குள் போய் இருந்தவன், இருட்ட முன்னமே அந்தச் செயலாளர் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். எழுதியது நான் இல்லை என்று சொல்லி உங்கள் பெயரைக் கொடுத்தேன். "முதலிலை 'அங்கத்தவர்' எண்டு இருக்கேல்லைப் பிள்ளை, 'குடிமக்கள்' எண்டு இருந்தது. அதை அழிச்சது நான்," என்றேன்.

"சிட்டிசன்ஸ் தானே அங்கிள்? வடிவான சொல். ஏன் அழிச்சனீங்கள்?"

அவளுக்கு மற்றப் பொருள் தெரியாது. நீங்கள் கேட்டது அதைத்தானே: அது வேறு சொல்லாகிவிட்டது. எங்கள் கையெழுத்து இல்லாமலே ஆகிவிட்டது.

"பயத்திலை," என்றேன்.

"ஆருக்குப் பயந்து?"

"எங்கடை ஆக்களுக்கு."

போனை வைத்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. எங்கடை ஆக்கள். இவ்வளவு காலம் கழித்தும், உங்களுக்காக என்று எடுத்த போனில், அந்த 'எங்கடை'க்குள் நான் உங்களைச் சேர்க்கவில்லை.