தட்டிப் பார்க்காத கற்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முட்டிவலி ஒன்றைத் தவிர எனக்குக் குறையில்லை. உனக்கு ஒரு குறையும் இராது என்று தெரியும். குறை வரும் இடத்தில் நிற்கிற ஆளா நீ?

எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் எண்பதாம் ஆண்டு மலரில் உன் பெயர் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தாய். நாற்பத்தோராம் பக்கம். கோட்டு போட்ட படம், பல்லெல்லாம் தெரிகிறது. 'ஆயிரத்து நூற்று நாற்பது கற்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிச் சோதித்த பொறியாளர்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டுச் சிரித்தேன். மேனேஜர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மற்ற பக்கங்களும் அதே லட்சணம்தான். எதிர்த்தெரு வியாபாரி பத்து மாடி கட்டிய வயிற்றெரிச்சலில் எங்கள் முதலாளியின் தாத்தா பதினான்கு மாடி கட்டினார். அதற்குப் பெயர் தொலைநோக்காம். லிஃப்ட் பன்னிரண்டோடு நின்றுவிடும் என்பதை யாரும் எழுதவில்லை. நகரின் நடுவே ஒரு கல் மலையாம். மலையாவது மடுவாவது! உள்ளே கான்கிரீட், வெளியே நான்கு விரல் கனத்துக்குக் கல்பலகை, அதைப் பிடித்திருப்பது இரும்புக் கொக்கி. கொக்கி துருப்பிடித்தால் கல் விட்டுப்போகும், மரச்சுத்தியால் தட்டினால் மொத்தென்று சத்தம் வரும் என்று எனக்குச் சொன்னதே நீதான்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் மாடிக் கல் ஒன்று விழுந்து வாசல் கண்ணாடிக் கூரை நொறுங்கியது. யாருக்கும் அடியில்லை. அப்போது ஜன்னல் துடைக்கிறவர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். "இவன் கால் பட்டுத்தான் விழுந்திருக்கு, எல்லாக் கல்லும் சரின்னு எஞ்சினியரே எழுதிக் குடுத்திருக்காரே" என்று மேனேஜர் போலீஸிடம் உன் சான்றிதழை நீட்டினார். அன்றே ஜன்னல் துடைக்கிறவரை உள்ளே தள்ளிவிட்டார்கள். அவர் மனைவி நேற்றுவரை தினமும் வந்து என் மேசை முன் நின்றாள். "அவரு எட்டாம் மாடியிலதாம்மா இருந்தாரு. தலைக்கு மேல இருக்கிற கல்லுல கால் எப்படிம்மா படும்?" என்று கேட்டாள். அவளுக்குப் புரிந்தது இங்கே கோட்டு போட்ட ஒருவருக்கும் புரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ என்ன செய்தாய் என்று நானே நினைவுபடுத்துகிறேன். மூன்று மாடி வரை தட்டினாய். அதற்கு மேல் காற்று அடிக்கிறது, தொங்கும் பலகையில் ஏற மாட்டேன் என்று என்னிடம் வந்து காபி கேட்டாய், வீரன். "அக்கா, நீ கல் நம்பரைப் படி, நான் சரி போட்டுக்கறேன்" என்றாய். நானும் படித்தேன். தொண்டை வறள வறளத் தொள்ளாயிரம் நம்பர். என் தம்பி கெட்டிக்காரன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன் வேறு. உன்னை நினைத்தால் வருகிற அருவருப்பில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

நேற்று காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நம்பர் படித்தது நான் என்பதுதான் முதல் வரி. சரி போட்டது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். என் கூடப்பிறந்தவன் என்றேன். "நீங்க வரவேற்பு மேசையில இருக்கிறவங்க. எஞ்சினியர் நேர்ல வந்து சொன்னாத்தான்மா எடுபடும்" என்றார். இன்று காலை என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

இருபதாம் தேதி விசாரணை. வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்: மூன்றாம் மாடிக்கு மேல் நான் தட்டவில்லை. அந்த மனிதர் வீட்டுக்குப் போகட்டும். உனக்கு என்ன வருமோ வரட்டும், கூட நான் நிற்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். வராமல் போனாலும் அதையேதான் வேண்டிக்கொள்வேன். என் கேடு அது.

இப்படிக்கு,
உன் அக்கா