சமையலறை வரைக்கும் இருபது மீட்டர் ஒயர்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் என் முழங்காலும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு நல்லாவே இருக்கோம். அங்க நீ, மருமக, என் மொட்டைத்தலைப் பேரன் எல்லாரும் சௌக்கியமா. உங்கம்மா சௌக்கியத்தை நான் கேக்கல, தினம் காலைல போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்புறாளே, அந்த அதிகாரமே சொல்லுது அவ திடமா இருக்கான்னு. போன் இருக்கப்ப கிழவன் எதுக்குக் காகிதத்தைத் தேடுறான்னு நினைப்ப. காரணம் இருக்கு, கடைசில சொல்றேன், நடுவுல எட்டிப் பாக்காத.

நீ அனுப்பின ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியும் வந்து மூணு வாரமாச்சு. பிரசவத்துக்கு மூணு மாசம்னு சொல்லித்தான் உங்கம்மா அங்க கிளம்பி வந்தா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்பான்னு நீ முதல் தடவ கேட்டப்ப பிரஷர் பாக்குற மெஷின் வந்துச்சு, ரெண்டாம் தடவ முதுகு பிடிச்சுவிடுற நாற்காலி, மூணாம் தடவ இந்தப் பெட்டிங்க. பொண்டாட்டிய அடகு வச்சு வீட்டை நிரப்புறீங்களான்னு எதிர்வீட்டு டெய்லர் கேக்குறான்.

நீ சொன்னபடியே ரெண்டையும் கூடத்து மூலைல வச்சு ஒரே அளவு ஒயர் குடுத்துத்தான் முதல்ல கேட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கூடத்துல இருக்குறது நான் ஒருத்தன், அதுக்கு ரெண்டு பெட்டி எதுக்கு. ஒண்ணைத் தூக்கி சமையலறை அலமாரில மாவு டப்பா பக்கத்துல வச்சு, சுவரோரமா இருபது மீட்டர் ஒயர் இழுத்துட்டேன். அதுக்குத்தான் நீ போன்ல குதிச்ச, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னா சத்தம் கெட்டுடும், நீள ஒயர் சத்தத்தைத் தின்னுடும்னு. படிச்ச பிள்ளை சொல்றானேன்னு ரெண்டு நாள் கவலைப்பட்டேன். அப்புறம் நம்ம எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், அதான்டா, மோட்டாரைக் கழட்டி மாட்டிட்டு மூணு ஸ்குரூ மிச்சம்னு என் கைல குடுத்துட்டுப் போனவன். அவன் அந்தப் பெட்டியக் கூடத்துக்கே கொண்டுவந்து, என் கண்ணுல துண்டைக் கட்டி, குட்டை ஒயரையும் நீள ஒயரையும் மாத்தி மாத்தி மாட்டி ஒரே பாட்டைப் பத்துத் தடவ போட்டான். நானும் பெரிய வித்வான் மாதிரி தலைய ஆட்டி, இது குட்டை, இது நீளம், இதுல தாளம் அமுங்குதுன்னு அடிச்சுவிட்டேன். பத்துல ஆறு தப்பு. ஏழாவது தடவ அவன் ஒயரைத் தொடவே இல்லையாம், சும்மா டீயைக் குடிச்சுட்டு நின்னிருக்கான், நான் ஆகா இப்பத்தான் உயிர் வந்துச்சுன்னேன். சிரிச்ச சிரிப்புல அவனுக்குப் புரையேறிடுச்சு. இந்தக் கூடத்துல ரெண்டு பேர் சிரிச்சு எத்தனை மாசமாச்சு தெரியுமா. நூல் மாதிரி மெல்லிசு ஒயர்னா நீளம் ஏற ஏற சத்தம் குறையும், இது தடி ஒயர், நம்ம வீட்டு நீளத்துக்கு எந்தக் காதும் கண்டுபிடிக்காதுன்னு சொல்லிட்டு, பெட்டிய மறுபடி சமையலறைல வச்சுட்டுக் கிளம்பினான். சாப்பிட்டுப் போடான்னேன், வேலை கிடக்குன்னுட்டான். ஆக நீ தோத்த.

மறுநாள் காலைல உங்கம்மா பதிவு வந்துச்சு. கூடத்துப் பெட்டிய அணைச்சுட்டு, அதை சமையலறைப் பெட்டில மட்டும் ஓடவிட்டுட்டு, காப்பியோட பேப்பரை விரிச்சேன். உள்ளேர்ந்து கேக்குறா, கேஸை மூடினீங்களா, மாத்திரை போட்டீங்களா, பாலை வெளியவே வச்சிருப்பீங்களேன்னு. ஒரு பிசிறு இல்லடா. எல்லாம் ஆச்சு ஆச்சுன்னு சொல்லிக்கிட்டே குடிச்ச டம்ளரை அவ கைல குடுக்க எழுந்து போயிட்டேன். சமையலறை வாசப்படிக்கு வந்தப்புறந்தான் உறைச்சுது. அலமாரில பெட்டி பேசுது, அடுப்பு துடைச்சது துடைச்சபடி இருக்கு. பால் வெளியதான் இருந்துச்சு. அவ பேசி முடிக்கிற வரைக்கும் டம்ளரோட அங்கயே நின்னேன். அப்புறம் இன்னொரு தடவ போட்டேன்.

போன வாரம் நீ இன்னும் ஆறு மாசம் கேட்ட. தினம் பேசிக்கிறோமேப்பா, இந்தக் காலத்துல தூரம் ஒரு விஷயமான்னும் சொன்ன. நான் வச்சுக்கோடா எனக்கு நிம்மதி, அடுத்து புது ஃபிரிட்ஜ் அனுப்புன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க, உங்கம்மாவும் சிரிச்சா, ஆனா அவ சீக்கிரமே நிறுத்திட்டா. அதுக்கு முந்தி ஒருநாள் அவளை அனுப்பி வைடான்னு நிஜமாவே கேட்டேன், அதுக்கும் சிரிச்சீங்க. தப்பு உங்க மேல இல்ல, என் வாய அப்படி வளத்து வச்சிருக்கேன். எழுதினா சிரிக்க மாட்டீங்கன்னுதான் இந்தக் காகிதம். ஆறு மாசம் முடியாதுடா. எனக்கு முடியல. மருமக வேலைக்குத் திரும்பணும், புரியுது, பிள்ளையப் பாத்துக்க ஆள் தேடுங்க. என்னை அங்க வான்னு கூப்பிடாத, உன் நாலாவது மாடிக்கு இந்த முழங்கால் ஏறாது. அடுத்த மாசத்துக்குள்ள அவளுக்கு டிக்கெட் போட்டுடு.

பேரன் பல்லு முளைச்சு எல்லாரையும் கடிச்சுக்கிட்டு நூறு வயசு இருக்கட்டும், உங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் வராது. ஒண்ணை மட்டும் மறக்காத, இதை உங்கம்மாகிட்ட படிச்சுக் காட்டிடாத. டிக்கெட் போட்டது உன் யோசனைன்னே சொல்லு. நான் கெஞ்சினேன்னு தெரிஞ்சா வந்த அன்னிலேர்ந்து சொல்லிக் காட்டியே என்னைக் கொன்னுடுவா. சரி, வந்து சொல்லிக் காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா