நீதிபதியைப் புகழ்ந்தது

செவ்வாய், இரவு.

எங்கள் செஷன்ஸ் நீதிபதி அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதாகப் போகிறது. இன்னும் இரண்டு வருடம் பணியில் வைப்பதா, இப்போதே வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலே ஹைகோர்ட்டில் யோசிக்கிறார்கள். வக்கீல்களிடம் இரகசியமாக விசாரிக்க ஒருவர் இன்று அபிராமபுரத்துக்கு, நான் ஜூனியராக இருக்கும் சீனியரின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"டெய்லி அந்தம்மா கோர்ட்ல நிக்கிறது நீதானேம்மா. எப்படி அவங்க?"

"தங்கமானவங்க சார். சாட்சி சொல்ற பொண்ணு அழுதா நாற்காலி போடச் சொல்லி, அவ தேறுற வரைக்கும் காத்திருப்பாங்க. அன்னிக்கு வேற கேஸே ஓடாது."

"ஓ, வேற கேஸே ஓடாதா?"

சீனியர் சிரித்தார். "ஜூனியருங்க சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்ல, அதான் புகழ்றா."

நான் விளக்குவதற்குள் வந்தவர் கிளம்பிவிட்டார்.

முடித்த வழக்குகளை எண்ணித்தான் நீதிபதிகளை எடைபோடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததா? வேண்டாதவர்கள்கூட இவ்வளவு கச்சிதமாகக் கோள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம், போன வாரம் கூண்டில் அப்படி அழுத எங்கள் சாட்சிப் பெண்ணே போன் செய்தாள். அவள் சாட்சியம் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி வரவேண்டும்.

"அப்பவும் அதே மேடம்தானே இருப்பாங்க, அக்கா? வேற யார்னாலும் எனக்குப் பேச வராது."

"அவங்கதாம்மா, பயப்படாத" என்றேன்.

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேனோ.