நானே கேட்ட கேள்வி

என் அக்காவுக்கு,

இங்கிலீஷில் நானே ஒரு கேள்வி கேட்டுவிட்டேன்! சந்தோஷத்தில் வேகவேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

காய் வாங்கும் சாக்கில் நான் போகும் இங்கிலீஷ் வகுப்பில் இந்த வாரம் வாக்கிய வகைகள்: செய்தி, கேள்வி, கட்டளை, வியப்பு. கட்டளைக்கு உதாரணம் கேட்டதும் மூச்சுவிடாமல் அடுக்கினேன். "கதவைச் சாத்து. போனை வை. வாயை மூடு."

"இவ்வளவும் எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றார் டீச்சர்.

"வீட்லதான்."

கேள்விக்கு மட்டும், வாக்கியத்தின் நடுவில் நிற்கும் 'கேன்' (can) முண்டியடித்து முன்னால் வர வேண்டுமாம்!

இன்று இடது கை வீக்கத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இங்கிலீஷில் என்னிடம்தான் கேட்டார். வழக்கம்போல என் வீட்டுக்காரரே பதில் சொன்னார்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா."

நான் 'கேன்' என்று ஆரம்பித்தேன். "இவர் கொஞ்சம் வெளியே இருக்கலாமா?"

எழுந்து போனார், அக்கா! அதன்பிறகு டாக்டரிடம் நான் சொன்னதெல்லாம் செய்தி வாக்கியம்தான். ஒன்றுகூடப் பொய்யில்லை.

வெளியே வந்ததும், "உள்ளே என்ன சொன்னே?" என்றார். கேட்டுவிட்டு என் பதிலுக்காக அவர் நின்றது இன்றுதான். நான், டாக்டர் துணைக்கு அனுப்பிய நர்ஸ் பின்னால் நடந்துவிட்டேன்.

பெண்கள் காப்பகத்தில் நான் இதை எழுதும் அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

மறுபடியும்,
உன் வாயாடி