கண் திறந்த சிகிச்சை

அரூர்
9.2.2025

அன்புள்ள வாணிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். ஃபோனில் என் குரலைக் கேட்டாலே கண் சொருகுகிறது, இனிக் கடிதம்தான் என்று சொல்லிவிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். ஆறு மாதம் ஆகிவிட்டது. இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

கண்ணை மூட வைத்து மயக்கத்தில் ஆழ்த்தும் அந்த ஹிப்னோதெரபி போர்டைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பதிலாகப் புதிதாக ஓர் ஆழ்மன சிகிச்சையை உருவாக்கியிருக்கிறேன். ஆரம்பித்து வைத்தது வத்தல்மலை முனியம்மாள். தூக்கமில்லை என்று வந்தவர், கண்ணை மூட மறுத்துவிட்டார். “கண்ண மூடிக்கிட்டா, நீங்க உள்ள என்னத்தப் போட்டு வெச்சீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றார். அன்றிலிருந்து எனக்குத்தான் தூக்கமில்லை.

இப்போது வருகிறவர்கள் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுக்கிறார்கள். கை வேலையில் இருந்தால் மனசு தானாகப் பேசுகிறது. அவர்கள் சொன்னதை எழுதி, ஒரு சொல்கூடச் சேர்க்காமல் படித்துக்காட்டுகிறேன். அவ்வளவுதான் சிகிச்சை. பங்குனியில் திறப்பு விழா. நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உன்
மாதவராஜ்

பாப்பாரப்பட்டி
17.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தேன்தான். என்ன சிரிப்பு என்று அண்ணி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

முனியம்மாள் சொன்னதைப் படித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றேன். மூன்று வருடத்துக்கு முன் எனக்கும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடச் சொல்லி ஒரு வாரம் தூங்க வைத்தீர்கள். அடுத்த வாரமே டீச்சர் வேலையை ராஜினாமா செய்தேன். கேட்டவர்களிடமெல்லாம் என் விருப்பம் என்றேன். அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே இன்றுவரை பிடிபடவில்லை. சேலை எடுக்கப் போனால்கூட, இது எனக்குப் பிடித்ததா, யாராவது பிடிக்கச் சொன்னதா என்று யோசித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன்.

நீங்களும் கொஞ்சம் புளி வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். அந்த ஒரு வாரம் என் காதில் என்ன சொன்னீர்கள்? கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள்.

கோகிலவாணி

அரூர்
2.3.2025

அன்புள்ள வாணிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் உடம்பு இளைத்தது, பஸ்ஸில் அலைந்தது என்று சாக்குகள் நிறைய எழுதியிருந்தேன். எல்லாம் நான் சேர்த்தது. நேற்று ஒரு கிலோ புளியோடு உட்கார்ந்தேன். வந்ததை எழுதுகிறேன்.

“இந்த வேல உனக்கு வேணாம் வாணி. வூட்ல இருந்தா நிம்மதியா இருப்ப.” ஏழு நாளும் சொன்னேன். நீ தூக்கம்தான் கேட்டாய். நீ கேட்காததை நான் போட்டேன். ஊரில் எல்லாரும் என்னை டீச்சர் வீட்டுக்காரர் என்றார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், விழாவுக்கு வருவாயா?

மாதவராஜ்

பாப்பாரப்பட்டி
10.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சிகிச்சைப்படி, நீங்கள் எழுதியதையே படித்துக்காட்டுகிறேன். “நீ தூக்கம்தான் கேட்டாய். நீ கேட்காததை நான் போட்டேன்.” ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

சத்தமாகப் படித்தேன். அழுதேன். அப்புறம் பொழுது சாயும் வரை தூங்கினேன், யாரும் தூங்கச் சொல்லாமல்.

உங்கள் சிகிச்சை வேலை செய்கிறது. தைரியமாகப் போர்டை மாட்டுங்கள். விழாவுக்கு நான் வரவில்லை. இங்கே ஒரு பள்ளியில் வேலை கேட்டிருந்தேன், ஜூனில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அரூருக்குத் திரும்பி வருவேனா என்று மட்டும் கேட்காதீர்கள். அதை நான் விழித்திருந்து முடிவு செய்ய வேண்டும். அதுவரை ஃபோனும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

கோகிலவாணி